எந்த சைட்டில் காசு போச்சு? – சப் காண்ட்ராக்டருக்கு ஏற்ற கணக்கு சாப்ட்வேர்



நம் பாலிடெக்னிக்கில் படித்து முடிக்கும் எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போவதில்லை. ஒயரிங், பிளம்பிங், ஏ.சி., பெயிண்டிங் என்று நம்மில் பலர் சப் காண்ட்ராக்ட் எடுக்கத்தான் போகிறோம். டிராயிங் படிக்கவும் லோடு கணக்குப் போடவும் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். எடுத்த வேலையில் காசு நின்றதா, போனதா என்று பார்ப்பதற்கு மட்டும் பாடம் கிடையாது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

எங்க அப்பா இருபது வருஷமாக ஒயரிங் சப் காண்ட்ராக்ட் செய்கிறார். ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அப்பாவின் கணக்கு எல்லாம் ஒரு நீள நோட்டிலும், சட்டைப் பையில் இருக்கும் சின்ன டைரியிலும்தான். சனிக்கிழமை சாயங்காலம் கூலிப் பட்டுவாடா, யாருக்கு எத்தனை நாள் என்று டைரியில் கோடு கோடாக இருக்கும். எந்த சைட்டில் அந்த நாள் என்று இருக்காது.

2023-ல் 12 வீடு உள்ள ஒரு அடுக்குமாடிக்கு லேபர் காண்ட்ராக்ட் எடுத்தார். வீட்டுக்கு 60 பாயிண்ட், பாயிண்டுக்கு ரூ.500. மொத்தம் ரூ.3,60,000. அதே வருஷம் இரண்டு தனி வீட்டு வேலையும் நடந்தது. வருஷக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "பரவாயில்லடா, ஃபிளாட் வேலை கைகொடுத்துச்சு" என்றார். 2024-ல் அதே ரூ.500 ரேட்டில் இன்னொரு ஃபிளாட் எடுத்தார். அதில் மூன்றாவது மாதமே கூலி கொடுக்கப் பணம் இல்லை. அம்மாவின் செயின் அடகுக் கடைக்குப் போனது.

2025 கோடை லீவில் நான் அந்தப் பழைய டைரியை எடுத்து உட்கார்ந்தேன். எந்த நாள் எந்த சைட் என்று அப்பாவிடமும், அவரிடம் வேலை செய்யும் அண்ணன்களிடமும் கேட்டுக் கேட்டு 2023 ஃபிளாட் வேலையை மட்டும் தனியாகப் பிரித்தேன். ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு ஹெல்பர் சேர்ந்தது ஒரு ஜோடி. ஜோடிக்கு நாள் கூலி ரூ.1,000, ரூ.700 ஆக ரூ.1,700. அப்பா மனக்கணக்கில் போட்டது 150 ஜோடி நாள்: ஸ்லாப் பைப்புக்கு 30, சுவரில் காடி வெட்டி பைப் பதிக்க 45, ஒயர் இழுக்க 40, ஃபிட்டிங்குக்கு 35. ரூ.2,55,000-க்குள் கூலி முடிந்தால் லட்சத்துக்கு மேல் நிற்க வேண்டும்.

நடந்தது என்ன? ஸ்லாப் 32, காடி 98, ஒயர் 47, ஃபிட்டிங் 44. மொத்தம் 221 ஜோடி நாள். கூலி மட்டும் ரூ.3,75,700. அதாவது ரூ.15,700 நஷ்டம், பஸ் செலவும் டீச் செலவும் சேர்க்காமலேயே. தனி வீட்டு வேலைகளின் லாபம் இந்த ஓட்டையை மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

காடியில் மட்டும் 53 நாள் ஏன் கூடியது? சமையலறை, டி.வி. பாயிண்ட் இடங்களை வீடு வாங்கியவர்கள் மாற்றச் சொல்ல, வெட்டிய சுவரையே திரும்ப வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கூலி ரூ.90,100. அது எக்ஸ்ட்ரா வேலை, தனி பில் போட்டிருக்கலாம். ஆனால் எழுதி வைத்த கணக்கு இல்லாமல் ஒரு வருஷம் கழித்து யாரிடம் போய்க் கேட்பது? அன்றைக்கு அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாவது வாரமே தெரிஞ்சிருந்தா எஞ்சினியர்கிட்ட கேட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

சாப்ட்வேர் தேர்ந்தெடுப்பதை இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சாதாரண அக்கவுண்ட்ஸ் வருஷத்தின் லாபத்தைச் சொல்லும். ஒவ்வொரு வேலையையும், அந்த வேலைக்குள் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகச் சொல்வது ஜாப் காஸ்டிங். மெட்டீரியல் கடை பில்லோடு வருகிறது, அதைப் பிறகு எழுதினாலும் எழுதலாம். ஆள் நாள் அப்படி இல்லை. அன்றைக்கு எழுதாவிட்டால் காற்றில் போய்விடும்.

நான் ஒரு சாப்ட்வேர் கடைக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பேலன்ஸ் ஷீட், கலர் கலராக வரைபடம் எல்லாம் காட்டினார். "சார், காடி வெட்ட எத்தனை ஆள் நாள் ஆச்சுன்னு இதுல பார்க்க முடியுமா?" என்றேன். "அதுக்குத் தனியா ஒரு மாட்யூல் வாங்கணும் தம்பி" என்றார். கேட்காமல் வாங்கியிருந்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸ்களில் அதிகம் பார்ப்பது டேலி. 1986-ல் பெங்களூரில் ஆரம்பித்த கம்பெனியின் தயாரிப்பு. அதில் காஸ்ட் சென்டர் என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு சைட்டையும் ஒரு காஸ்ட் சென்டராக வைத்து, அதன் கீழ் ஸ்லாப், காடி, ஒயர், ஃபிட்டிங் என்று பிரித்துக்கொள்ளலாம். மெட்டீரியலோடு எடுக்கும் வேலை என்றால் சைட்டையே ஒரு குடோனாகப் போட்டு, எத்தனை காயில் ஒயர் போனது, எத்தனை திரும்பியது என்று பார்க்கலாம். பலர் டேலியை வருஷக்கணக்காக வைத்திருந்தும் இந்த வசதியைத் திறப்பதே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷன் மோடில் பழகவும் முடியும். ஆனால் மாதத்தில் 1, 2, 31 தேதிகளில்தான் என்ட்ரி போட விடும். நான் மாதக் கூலியை மொத்தமாக 1-ஆம் தேதியில் போட்டுத்தான் பழைய ஃபிளாட் கணக்கைச் சோதித்தேன். சோதனைக்கு அது போதும்.

ஜோஹோ புக்ஸ் நம் தமிழ்நாட்டுக் கம்பெனியுடையது. இன்டர்நெட்டில் ஓடுவது. அதில் ப்ராஜெக்ட், டாஸ்க், டைம்ஷீட் இருக்கின்றன, போனிலும் பார்க்கலாம். சைட்டிலிருந்தே ஆள் கணக்கு ஏற்ற இது வசதி. இஆர்பிநெக்ஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரும் உண்டு. ப்ராஜெக்ட் வாரியாகச் செலவு காட்டும், ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

கட்டுமானத்துக்கென்றே அமெரிக்காவில் பெரிய பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் படித்துவிட்டு நான் முதலில் ஆசைப்பட்டேன். அங்கே 1931-ல் வந்த டேவிஸ் பேக்கன் சட்டப்படி, மத்திய அரசு கட்டுமான வேலைகளில் வாராவாரம் கூலிப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதை அந்த சாப்ட்வேர் அச்சடித்துக் கொடுக்கும். நமக்கு அது எதற்கு? நமக்கு வேண்டியது ஜிஎஸ்டி, டிடிஎஸ், ரிடென்ஷன்.

ரிடென்ஷனைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு ரன்னிங் பில்லிலும் மெயின் காண்ட்ராக்டர் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார். அப்பாவின் வேலையில் 5 சதவீதம், அதாவது ரூ.18,000, ஒரு வருஷம் கழித்துத் தருவதாகப் பேச்சு. இதற்குத் தனி லெட்ஜரும் தேதியும் வைக்க சாப்ட்வேரில் இடம் இருக்க வேண்டும். பாக்கியோடு பாக்கியாகக் கலந்துவிட்டால் மறந்துபோகும். தனிநபர் காண்ட்ராக்டருக்கு டிடிஎஸ் 1 சதவீதம். ரூ.3,600 பிடித்திருந்தார்கள். நம் பான் நம்பரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பார்த்து, ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும். அப்பா அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஜிஎஸ்டி பதிவு நம் மாநிலத்தில் சர்வீஸுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது கட்டாயமாகிறது. அந்தக் கோடு நெருங்குவது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம். குவிக்புக்ஸ் சாப்ட்வேரை அதன் கம்பெனி 2023-ல் இந்தியாவில் நிறுத்திவிட்டது. நம்பியிருந்தவர்கள் கணக்கை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எனவே வாங்கும் முன்பே, எல்லா என்ட்ரியையும் எக்செல் ஃபைலாக வெளியே எடுக்க முடியுமா என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.

என் கருத்து, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சைட் மட்டும் நடத்துபவர் உடனே பெரிய சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. முடிந்துபோன ஒரு பழைய வேலையை எடுத்து, அதன் பில்லையும் கூலியையும் உள்ளே போட்டுப் பாருங்கள். நஷ்டம் எந்தக் கட்டத்தில் என்று அது காட்டினால் அந்த சாப்ட்வேரை மேற்கொண்டு பார்க்கலாம். தினமும் என்ட்ரி போடப்போவது யார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது நான்தான். அப்பா சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்: "ஃபிளாட், காடி, ரெண்டு ஜோடி." நான் போனிலேயே ஒரு ஷீட்டில் சைட், கட்டம், ஜோடி என்று மூன்று காலத்தில் ஏற்றிவிடுவேன். மாதம் ஒருமுறை அது ஆடிட்டர் ஆபீஸில் டேலிக்குப் போகிறது, காஸ்ட் சென்டர் வாரியாக.

இப்போது நடக்கும் வேலையில் காடிக்கு 40 ஜோடி நாள் போட்டிருக்கிறோம். போன சனிக்கிழமை வரை 26 ஆகியிருந்தது, பாதி வீடுகள்தான் முடிந்திருந்தன. அதைச் சொன்னதும் அப்பா ஞாயிற்றுக்கிழமையே சைட் எஞ்சினியரைப் பார்க்கப் போனார், மாற்றி வெட்டிய பாயிண்ட்களின் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு.