ஊரடங்கில் வந்த பணமும் வராத பணமும்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடே மூடப்பட்டது. இரண்டு நாள் கழித்து நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய்க்கு நிவாரணம் அறிவித்தார். மே 12-ல் பிரதமர் சொன்ன தொகை 20 லட்சம் கோடி. அந்தக் கோடிகள் டீக்கடைப் பேச்சில் இன்னும் உலவுகின்றன. அள்ளிக் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கம், காலணாகூட வரவில்லை என்று இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை. யாருக்கு எவ்வளவு வந்தது என்பதை அவரவர் இழந்த கூலி தீர்மானிக்கவில்லை. எந்த ஏட்டில் அவர் பெயர் இருந்தது என்பதுதான் தீர்மானித்தது. ரேஷன் கார்டு, ஜன்தன் கணக்கு, நல வாரிய அட்டை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று கையில் எது இருந்ததோ அதன் வழியே ஏதோ கொஞ்சம் வந்தது. எதிலும் இல்லாதவருக்கு எதுவும் இல்லை.

"20 லட்சம் கோடியை மக்களுக்குக் கொடுத்தார்கள்"

மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்குச் சுமார் பதினைந்தாயிரம் வரும். உங்கள் வீட்டுக்கு வந்ததா? வராததற்குக் காரணம் ஊழல் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அந்தக் கணக்கில் 8 லட்சம் கோடிக்கு மேல் ரிசர்வ் வங்கியின் நடவடிக்கைகள், அதாவது வங்கிகள் கடன் கொடுக்கத் தோதாகப் பணப்புழக்கத்தைத் தளர்த்தியது. இன்னொரு 3 லட்சம் கோடி, சிறுதொழில்களுக்கு அடமானம் இல்லாத கடன். அதற்கு அரசு ஜாமீன் நின்றது, அவ்வளவுதான். வாங்கியவர் வட்டியோடு கட்ட வேண்டும். மார்ச்சில் அறிவித்த 1.70 லட்சம் கோடியும் இதற்குள்ளேயே மறுபடி எண்ணப்பட்டிருந்தது.

"ஜன்தன் பணத்தை உடனே எடுக்காவிட்டால் திரும்பப் போய்விடும்"

இந்த வதந்தியால் 2020 ஏப்ரலில் வங்கி வாசல்களில் பெண்கள் வெயிலில் நின்றார்கள். கணக்கில் போட்ட பணம் கணக்கில்தான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மத்திய நிதித்துறையே விளக்கம் தர வேண்டியிருந்தது. கூட்டத்தைக் குறைக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்தார்கள்: 0, 1 என்று முடிந்தால் ஏப்ரல் 3, 2, 3 என்றால் ஏப்ரல் 4, இப்படியே ஏப்ரல் 9 வரை. தொகை மாதம் 500 ரூபாய், மூன்று மாதம்.

வதந்தியைவிடப் பெரிய குழப்பம் வேறு. இது ஏழைப் பெண்கள் எல்லோருக்குமான பணம் என்றே பலர் நினைத்தார்கள். இல்லை, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கானது. சுமார் 20 கோடிப் பேர். ஜன்தன் திட்டம் 2014 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முன்பே சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்கிவிட்ட பெண், எவ்வளவு ஏழையானாலும், இந்தக் கணக்கில் வரமாட்டார். முன்கூட்டியே வங்கிக்குப் போனதுதான் அவர் செய்த குற்றம்.

"வேலை இல்லாத நாளுக்கும் முதலாளி சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் இருந்தது"

சட்டம் இல்லை, ஓர் உத்தரவு இருந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2020 மார்ச் 29-ல் உள்துறை அமைச்சகம் பிறப்பித்தது: மூடியிருக்கும் காலத்துக்கும் பிடித்தமில்லாமல் உரிய தேதியில் சம்பளம் தர வேண்டும். தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருந்தது. அதை எத்தனை வீட்டுக்காரர்கள் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். மே 17-ல் வந்த புதிய உத்தரவு பழையதை மறுநாளிலிருந்து செல்லாததாக்கியது. இடைப்பட்ட ஐம்பது நாள் சம்பளத்தைத் தரச் சொன்னதை எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போயிருந்தார்கள். ஜூன் 12-ல் நீதிமன்றம் சொன்னது: இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ஒத்துவராவிட்டால் தொழிலாளர் துறையிடம் போகலாம், தராத முதலாளி மீது இப்போதைக்குக் கடும் நடவடிக்கை வேண்டாம். சங்கம் இல்லாத பட்டறையில் ஒரு ஹெல்பர் முதலாளியோடு என்ன பேசித் தீர்ப்பார்?

இதில் அரசு ஒரு ரூபாயும் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பளத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்க, வருமானம் நின்றுபோன முதலாளியின் தலையில் விழுந்தது. அது நிலைக்காது என்பது முதல் நாளே தெரிந்த சங்கதி.

"பி.எஃப். மூலம் அரசு மூன்று மாதச் சம்பளம் கொடுத்தது"

கொடுத்தது அரசு அல்ல, நீங்கள். மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது கணக்கில் உள்ளதில் 75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது சொந்த உண்டியலை உடைத்த காசு. அன்று பி.எஃப். வட்டி 8.5 சதவீதம். 8 சதவீதம் என்றே வைத்தாலும், அன்று எடுத்த 50,000 ரூபாய் இருபது ஆண்டு கிடந்திருந்தால் 2.3 லட்சத்தைத் தாண்டியிருக்கும். 2021-ல் இரண்டாம் முறை எடுக்கவும் அனுமதித்தார்கள்; 2024 ஜூனில்தான் இந்த வசதி நின்றது.

பி.எஃப்.-ல் அரசு உண்மையிலேயே பணம் போட்டது வேறு இடத்தில். தொழிலாளி பங்கு 12, முதலாளி பங்கு 12, ஆக 24 சதவீதத்தை அரசே கட்டியது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை. நிபந்தனை: நிறுவனத்தில் நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அவர்களில் 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்க வேண்டும். பத்தாயிரம் வாங்குபவருக்குக் கையில் 1,200 ரூபாய் கூடுதலாக நின்றது. ஆனால் சம்பளம் போட்டால்தானே பி.எஃப். பிடித்தம்? சம்பளமே நின்றவருக்கு இந்தச் சலுகை கண்ணில் படவே இல்லை.

"வேலை போனால் இந்தியாவில் உதவித்தொகையே கிடையாது"

இருக்கிறது; தெரிந்தவர்கள் குறைவு. இ.எஸ்.ஐ.-யில் 2018 முதல் 'அடல் பீமித் வியக்தி கல்யாண்' என்று ஒரு திட்டம் உண்டு. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் பாதி தகுதி வந்துவிட்டது. வேலை இழந்தவருக்கு சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம், 90 நாள் வரை என்பது பழைய அளவு. கொரோனாவில் அதை 50 சதவீதமாக்கினார்கள். வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பது 30 ஆனது. பழைய முதலாளி வழியே போகாமல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றும் மாற்றினார்கள். தினச் சம்பளம் 500 ரூபாய் என்றால் 90 நாளுக்கு 22,500. இழந்த சம்பளத்தைக் கணக்கிட்டுப் பணம் தந்த திட்டம் இது. இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் பெறலாம். வீட்டு வேலை செய்பவரும் தள்ளுவண்டிக்காரரும் இ.எஸ்.ஐ. பக்கமே வர வழியில்லை.

"ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்"

தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில் அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும் இலவச ரேஷன் பொருள்களும், டோக்கன் போட்டு ரேஷன் கடையில் கொடுத்தார்கள். ஜூனில் மறுபடி முழு ஊரடங்கு வந்த சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்கும் இன்னொரு 1,000. இரண்டாம் அலையில், 2021 மே, ஜூன் மாதங்களில், 2.07 கோடி கார்டுகளுக்கு இரண்டு தவணையாக 4,000. இது தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. கார்டு ராமநாதபுரத்திலும் ஆள் திருப்பூரிலும் இருந்தால், பஸ் ஓடாத ஏப்ரலில் அந்த ஆயிரமும் தூரம்தான்.

இந்தத் தொகையை நம்பி யாரும் வேலையை விட்டதாகத் தெரியவில்லை. நூறு நாள் வேலைக் கணக்கைப் பாருங்கள். 2019-20-ல் நாடு முழுக்க சுமார் 265 கோடி மனித நாள்கள். 2020-21-ல் சுமார் 389 கோடி. வெயிலில் ஏரி வெட்டுவதற்கு இவ்வளவு பேர் போனார்கள். அந்த வேலையின் கூலியை 20 ரூபாய் உயர்த்தியதையும் நிவாரணப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்; அது ஆண்டுதோறும் ஏப்ரலில் விலைவாசிக்கு ஏற்ப வரும் வழக்கமான உயர்வு.

"வெளிநாட்டில் சும்மா கொட்டிக் கொடுத்தார்கள்"

டொரன்டோ உறவினர் அனுப்பிய வாட்ஸ்அப் தகவல் பாதி சரி. கனடா அரசு நான்கு வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்தது. அதற்கு முன் ஆண்டில் குறைந்தது 5,000 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். அந்தப் பணம் வரிக்கு உட்பட்டது. கொடுக்கும்போது வரி பிடிக்காததால், மறு ஆண்டு கணக்குத் தாக்கல் செய்தபோது பலர் கட்ட நேர்ந்தது. தகுதி இல்லாமல் வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்டார்கள். பிரிட்டனில் முதலாளி வழியே சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்பு. அங்கும் ஏட்டில் பெயர் இருந்தவருக்கே பணம்: வரித்துறையின் சம்பளப் பதிவில் இல்லாமல் கையில் கூலி வாங்கியவர் வெளியேதான் நின்றார். நம்மோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம், அந்த ஏடு அங்கே பெரும்பாலான தொழிலாளர்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

"இ-ஷ்ரம் கார்டு எடுத்தால் மாதாமாதம் பணம் வரும்"

வராது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம், அமைப்புசாராத் தொழிலாளர்களின் பதிவேடு. முதல் ஆண்டில் அதோடு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்திருந்தது. 2022 தொடக்கத்தில் உத்தரப் பிரதேச அரசு தன் மாநிலத்தில் பதிந்தவர்களுக்கு 1,000 ரூபாய் போட்டது. வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். இ-ஷ்ரம் எண் இருப்பதால் தமிழ்நாட்டின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் தானாக ஏறிவிடாது. அதற்குத் தனிப் பதிவு: வயது 18-லிருந்து 60-க்குள், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை. 2020 மார்ச்சில் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் தனியாக அறிவித்த 1,000 ரூபாய் இந்த ஏட்டைப் பார்த்துத்தான் போனது.