எலும்பு மஜ்ஜைக்கும் வயதாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. ரத்தசோகை என்று எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டில் "செல்கள் 30 சதவீதம், மீதி கொழுப்பு" என்று இருக்கிறது. கொழுப்பு சேர்ந்ததால் ஸ்டெம் செல்களுக்கு வயதாகிவிட்டதா? இதை மாற்ற முடியுமா?

பதில்: அந்த 30 சதவீதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊதா நிறச் செல்களுக்கு நடுவே வெள்ளை வட்டங்கள் தெரியும். அவை கொழுப்பு இருந்த இடங்கள். ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்து வெறும் ஓட்டை மிஞ்சுகிறது. 100-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே செல்களின் தோராயமான இயல்பு அளவு. அப்பாவுக்குச் சரியாகவே இருக்கிறது.

கொழுப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய், நரம்பு, எலும்புச் செல்கள் எல்லாம் சேர்ந்துதான் அதை நடத்துகின்றன. சுற்றுப்புறமே ஸ்டெம் செல்லை நடத்துகிறது என்பது 1978-லேயே விஞ்ஞானி ரே ஸ்கோஃபீல்ட் முன்வைத்த கருத்து. வயதான எலிகளில் ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை கூடுகிறது, திறன் குறைகிறது. தொற்றை நினைவில் வைத்துப் போராடும் லிம்போசைட்டுகள் குறைவாகவே உருவாகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் எலிகளின் மஜ்ஜைக்குப் போகும் நரம்பைத் துண்டித்தார்கள். அங்கிருந்த ஸ்டெம் செல்கள் கிழட்டுச் செல்களைப் போல நடந்துகொண்டன. நரம்பு தரும் சமிக்ஞைக்கு ஈடான மருந்தை முதிய எலிகளுக்குக் கொடுத்தபோது செல்கள் ஓரளவு தேறின. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த முடிவு இது.

அப்படியானால் முதிய ஸ்டெம் செல்லை இளம் மஜ்ஜைக்குள் வைத்தால் முழு இளமை திரும்புமா? ஜப்பானிய விஞ்ஞானிகள் 2021-இல் அதையே செய்து பார்த்தார்கள். முதிய எலியின் ஸ்டெம் செல்களை, கதிர்வீச்சால் மஜ்ஜையைச் சேதப்படுத்தாத இளம் எலிகளுக்குச் செலுத்தினார்கள். மரபணுக்களின் இயக்கம் பெரும்பாலும் இளமைக்குத் திரும்பியது. ரத்தம் உண்டாக்கும் திறன் திரும்பவில்லை. செல்லுக்குள்ளேயே பதிந்துபோன முதுமையும் இருக்கிறது.

இவை எல்லாம் எலிகளில் கண்டவை. "ஸ்டெம் செல் ஊசி போட்டு இளமையாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்பாவின் ரத்தசோகையை "வயசாயிடுச்சு" என்று யாராவது ஒதுக்கினால் ஏற்காதீர்கள். இரும்புச்சத்து, பி12, சிறுநீரகம், தைராய்டு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல், வயிற்றிலோ குடலிலோ ரத்தக்கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.