சூதாட்டத்திற்கு வரம்பும் சுயவிலக்கும்

வாடகைக்கு ஒதுக்கிய பணம் ஒரே இரவில் கைபேசி வழியே கரைந்துபோகலாம். இழந்ததை மீட்டுவிடலாம் என்னும் எண்ணமே இழப்பைப் பெருக்குகிறது. ஆகவே, மனம் தெளிந்திருக்கும்போதே தடையை அமைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதற்கு இரு வழிகள் உள்ளன.

வைப்பு வரம்பு: இணையப் பந்தயக் கணக்கில் செலுத்தும் பணத்திற்கு வாடிக்கையாளர் தாமே எல்லை விதிக்கலாம். எல்லையைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வரும். உயர்த்தக் கோரினால் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பே பாதுகாப்பு. எனினும் ஒரு நிறுவனத்தில் விதித்த வரம்பு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.

சுயவிலக்கு: 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘பெட்ஸ்டாப்’ தேசியப் பதிவேட்டில் கட்டணமின்றிப் பதியலாம். விலக்குக் காலம் 3 மாதங்கள் முதல் வாழ்நாள் வரை. உரிமம் பெற்ற இணைய, தொலைபேசிப் பந்தய நிறுவனங்கள் எவையும் பதிந்தவரிடம் பந்தயம் ஏற்கவோ, புதிய கணக்குத் திறக்கவோ, விளம்பரம் அனுப்பவோ கூடாது. இது அந்நிறுவனங்களின் சட்டக் கடமை.

ஒருவருக்காக மற்றொருவர் பதிய இயலாது. ஆயினும் குடும்பத்தினரையோ நண்பரையோ ஆதரவாளராகக் குறிப்பிடலாம். போக்கி இயந்திரங்கள், கசினோ, லாட்டரி ஆகியவை இப்பதிவேட்டில் அடங்கா. கிளப், ஹோட்டல், கசினோ ஆகியவற்றில் தனியே சுயவிலக்குக் கோர வேண்டும்.

சூதாட்ட உதவித் தொலைபேசி 1800 858 858. 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அவ்வெண்ணுடன் இணைக்குமாறு கேட்கலாம். உதவி நாடுவது இழுக்கன்று.