ஹோர்ன் இரண்டு, தகடு ஒன்று: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, கம்பஸ் லாப்பில் மைக்ரோவேவ் பரிசோதனை என்றால் எல்லாரும் மீற்றரைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீ சுற்றிவரப் பார். இரும்பு மேசை, ஸ்டீல் அலுமாரி, ஜன்னல் கிறில், பக்கத்தில் நிற்கிற சிநேகிதி, எல்லாமே அலையைத் திருப்பி அனுப்பும். உடம்பில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே! வாசிப்பு எடுத்து முடியும்வரை ஒருத்தரும் இடம் மாறக்கூடாது.

அலையைத் திருப்பி அனுப்பும் தகட்டை ஹோர்ன்களுக்கு முன்னால் வைக்க முதல், அது இல்லாமலே ஒரு வாசிப்பு எடு. ஊசி பூச்சியத்துக்கு வராவிட்டால் அனுப்பும் ஹோர்னிலிருந்து வாங்கும் ஹோர்னுக்கு அலை நேரே கசிகிறது, இல்லையென்றால் பின்சுவர் வேலை காட்டுகிறது. ஹோர்ன்களை விலத்தி வைத்து, திசையைக் கொஞ்சம் மாற்றிப் பார். இதைச் செய்யாமல் எடுத்த வாசிப்பை நான் நம்பமாட்டேன்.

தகட்டுக்குக் காசு செலவழிக்காதே. சமையலறை அலுமினியம் ஃபொயிலை ரிஜிபோமில் சுருக்கமில்லாமல் ஒட்டினால் போதும். 10 கிகாஹேர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் இறங்கும் ஆழம் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. ஃபொயில் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பு. ரிஜிபோம் முக்கால்வாசிக்கு மேல் காற்று, அலை அதைக் கண்டுகொள்ளாது.

ஹோர்ன் வாய் 8 சென்ரிமீற்றர் என்றால் தகடு 43 சென்ரிமீற்றருக்கு அப்பால் இருக்கட்டும். வாய் அகலத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் வரும் கணக்கு அது.

இனித்தான் முக்கியமான சங்கதி. தகட்டில் பட்டுத் திரும்பும் அலை முழுவதும் ஹோர்னுக்குள் போகாது. ஒரு பங்கு ஹோர்ன் வாயில் பட்டு மறுபடி தகட்டுக்குப் போய் வரும். இந்த இரண்டாம் சுற்று முதல் சுற்றோடு சேரும்போது சில இடத்தில் கூட்டும், சில இடத்தில் குறைக்கும். தகட்டை மெல்ல மெல்லப் பின்னே தள்ளு, ஊசி ஏறி இறங்குவது தெரியும். 10 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 3 சென்ரிமீற்றர். ஒரு மேட்டுக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடைவெளி அதில் கால்வாசி, 7.5 மில்லிமீற்றர். ஆகவே ஒரே இடத்தில் வாசித்துவிட்டு ஓடி வராதே. அந்த 7.5 மில்லிமீற்றர் தள்ளி இன்னொன்று எடுத்துச் சராசரி பார். 1897இல் லண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில் ஜகதீஷ் சந்திர போஸ் காட்டிய கருவியிலும் ஹோர்ன் இருந்தது. அவருடைய அலைநீளம் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர், கால்வாசி என்றால் 1.25 மில்லிமீற்றர்தான். உனக்குச் சாதாரண அடிமட்டமே காணும்.

டயோட் டிடெக்டர் சிறிய சிக்னலில் வலுவைத்தான் காட்டும். மேட்டில் 36, பள்ளத்தில் 25 என்று வந்தால் வர்க்கமூலம் எடு: 6, 5. இரண்டாம் சுற்று முதல் சுற்றின் பதினொன்றில் ஒரு பங்கு என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நெட்வேர்க் அனலைசர் கிடைத்தால் அதிர்வெண்ணை ஓடவிட்டுப் பார். 100 மெகாஹேர்ட்ஸுக்கு ஒருமுறை நெளிவு வந்தால், 1.5 மீற்றர் தள்ளி ஏதோ திருப்பி அனுப்புகிறது. அலுமாரியா சுவரா என்று டேப்பால் அளந்து பிடிக்கலாம்.

கடைசியாக ஒன்று. லாப் சோர்ஸ் மில்லிவாட் கணக்கு, பயமில்லை. ஆனாலும் ஹோர்ன் வாயில் கண்ணை வைக்காதே. பழைய மைக்ரோவேவ் அவனைக் கழற்றி மக்னெட்ரோன் எடுக்கிற யோசனையோடு தம்பி வந்தால் உடனே தடு. உள்ளே இருக்கிற கப்பாசிற்றர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும்.