நூறு ஆக்டேனால் வேகம் கூடுமா?

கேள்வி: எந்த மாறுதலும் செய்யாத என் யமஹா ஆர்15 வண்டிக்கு விலை மிகுந்த 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வேகம் கூடுமா?
– ஒரு வாசகர், குமராட்சி

பதில்: கூடாது. ஆக்டேன் எண் பெட்ரோலில் பொதிந்த சக்தியின் அளவு அன்று. சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவை, பிளக்கின் பொறியால் எழுந்த சுவாலை தன்னை வந்து எட்டுமுன் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டவிடாமல் பொறுத்திருக்கும் குணத்தையே, ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்குப் பூஜ்யம் என வைத்து அவ்வெண்ணால் குறிக்கிறார்கள். தங்கள் வண்டியின் அமுக்க விகிதம் 11.6க்கு 1 என்பது சற்று உயர்வே. ஆயினும் நம் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலை உத்தேசித்தே அதை அமைத்திருப்பதால், இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொணர்ந்த எக்ஸ்பி100, பையின் கனத்தைக் குறைப்பதன்றி வேறு விசேஷம் எதுவும் செய்யாது.

போர்ஷே 911 போன்ற கார்களின் விஷயம் வேறு. உயர்ந்த ஆக்டேனுக்கென்றே வகுக்கப்பட்ட அவை, தாழ்ந்த பெட்ரோலைக் குடித்தால் தட்டலை உணர்ந்து பொறியைத் தாமதப்படுத்திச் சக்தியை இழக்கும். உரியதை ஊற்றினால் இழந்தது திரும்பும், அவ்வளவே. காட்டுமன்னார்கோயில் சாலையில் பின்னால் ஆள் இருக்கையில் தங்கள் வண்டி தட்டினால், முதலில் கியரைக் குறையுங்கள். அப்பொழுதும் நில்லாவிடில், கரி படிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.