ஏரிக்கரை இலவசம்தான், குடிதண்ணி நீதான் கொண்டுபோகணும்!

கோடை லீவுக்கு எந்த பார்க்லயும் இடம் கிடைக்கலன்னு போன்ல அப்படிப் புலம்பினியே, அதுக்குத்தான் இது. பிரிட்டிஷ் கொலம்பியாவுல புக்கிங்கே வேண்டாத ஏரிக்கரை கேம்ப் நிறைய இருக்குடி. ரெக்ரியேஷன் சைட்னு பேரு, மாகாண அரசோடது. சிலதுக்குக் காசு உண்டு, பலது இலவசம். ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஒரு வளையம், ஒரு குழி டாய்லெட். அவ்வளவுதான். குழாய், கரன்ட், போன் சிக்னல் எதையும் எதிர்பார்க்காதே. பல இடத்துல குப்பைத்தொட்டிகூட இருக்காது; மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டு வரணும்.

யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்குத்தான் இடம். முதல் தடவை நாங்க வெள்ளிக்கிழமை வேலை முடிச்சுக் கிளம்பி, ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நின்னா ஒரு மேஜைகூட காலி இல்ல. காருக்குள்ளயே தூங்கினோம். உங்க அத்தானுக்கு மூணு நாள் கழுத்தே திரும்பல. நீ ஞாயித்துக்கிழமை மத்தியானம் போ. கூட்டம் கிளம்புற நேரம், தண்ணியோரமா நல்ல இடமாப் பார்த்துப் பிடிக்கலாம்.

கடைசி கொஞ்ச தூரம் ஜல்லி ரோடு. மரம் ஏத்தின லாரி எதிர்ல வந்தா நீதான் ஒதுங்கணும், அது பிரேக் போட்டு உடனே நிக்காது. பகல்லயும் ஹெட்லைட் எரியட்டும். பெட்ரோல் ஃபுல்லா போட்டுக்கோ, மேப்பை வீட்லயே டவுன்லோட் பண்ணிக்கோ.

தண்ணி, என் கணக்குக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர். ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு அப்படியே குடிச்சிடாதே. ஜியார்டியா கிருமி இருக்கும், இங்க அதை 'பீவர் காய்ச்சல்'னு சொல்வாங்க. பேருதான் காய்ச்சல், படுத்துறது வயிறு. தளதளன்னு முழுசா ஒரு நிமிஷம் கொதிக்க விட்டா போதும். பாத்திரம் தேய்க்கிறது ஏரியை விட்டுத் தள்ளி.

டாய்லெட்டுக்குப் பேப்பர், சானிடைசர், தலையில மாட்டுற டார்ச். டார்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த இருட்டுல ஒரு கதவைத் திறந்து மூடிப் பாரு, ஏன் சொல்றேன்னு தெரியும். நம்ம வீட்டு மக்கையும் எடுத்துக்கோ, வெட்கப்படாதே.

இப்ப கரடி விஷயம், இதைக் கவனமா கேளு. நம்ம தாளிப்பு வாசனைக்குப் பக்கத்து டென்ட்காரரே எட்டிப் பார்ப்பார், கரடி பார்க்காதா? மீன் வறுவலை வீட்லயே முடிச்சிடு. எலுமிச்சை சாதம், பொடி தடவின இட்லின்னு கட்டிக்கிட்டுப் போ. சாப்பிட்டு முடிச்ச உடனே பாத்திரம், கூலர், குப்பை எல்லாம் காருக்குள்ள. கண்ணாடி ஏத்தி, கதவைப் பூட்டணும். பூட்டாத கதவைத் திறக்கக் கரடிக்குத் தெரியும். சாப்பாடு மட்டும்னு நினைக்காதே. டூத்பேஸ்ட், குழந்தையோட க்ரீம், உன் மல்லிகை சென்ட்டு, சமைக்கும்போது போட்டிருந்த நைட்டி, எதுவும் டென்ட்டுக்குள்ள வரக்கூடாது. ஒரு தடவை தலையணைக்கடியில பெரியவன் ஒளிச்சு வச்சிருந்த கடலைமிட்டாயை ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டுபிடிச்சு, நான் வெறுங்காலோட காருக்கு ஓடினேன்.

நெருப்பு மூட்டத் தடை இருக்கான்னு கிளம்புற அன்னிக்கே காட்டுத்தீ சேவையோட வெப்சைட்ல பாரு. ஜூலை, ஆகஸ்ட்ல அடிக்கடி தடை வரும், அதனால கேஸ் அடுப்பு கையில இருக்கட்டும். தடை இல்லன்னா அரை மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம், அதுக்கு மேல எரியக்கூடாது. பக்கத்துல குறைஞ்சது 8 லிட்டர் தண்ணி வச்சுக்கோ. படுக்கப் போகும்போது ஊத்து, குச்சியால கிளறு, திரும்ப ஊத்து. சாம்பல் கறுத்துடுச்சேன்னு விட்டுடாதே, அடியில சிவப்பு ஒளிஞ்சிருக்கும். புறங்கையைக் கிட்ட கொண்டுபோய் சூடு வரலன்னா, அப்புறம் விரலால தொட்டுப் பாரு. ஜில்லுன்னு இருக்கணும்.

ராத்திரி ஏரிப் பக்கத்துலேர்ந்து யாரோ இழுத்து இழுத்து அழற மாதிரி கேட்கும். மாப்பிள்ளையை எழுப்பிக் கலவரம் பண்ணாதே. அது லூன் பறவை. குட்டியை எழுப்பிக் கேட்க வை.