வீட்டுச் சேமக்கலத் தொகுதிக்கு மின்வடமும் பஸ்பாரும்

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரைமீது சூரிய மின்பலகைகளை அமைப்பதை நோக்கமாகக் கொண்டது. அத்திட்டத்தின் நிலையங்களிற் பெரும்பாலானவை பொது மின்தொடருடன் இணைந்தவை; அவற்றிற்குச் சேமக்கலம் இன்றியமையாததன்று. ஆயினும் மாலையில் மின்சாரம் தடைப்படும் சிற்றூர்களிலும், மின்தொடர் எட்டாத மலைப்புறங்களிலும், பகலில் ஈட்டியதை இரவுக்குச் சேர்த்துவைக்கும் சேமக்கலங்கள், அதாவது பாட்டரிகள், இன்றும் வேண்டப்படுகின்றன. பலகைக்கும் பாட்டரிக்கும் பெரும்பொருள் செலவிடுவோர், அவற்றை இணைக்கும் கேபிளைக் கடைக்காரர் கொடுத்தபடியே வாங்கிவிடுகின்றனர். சேமக்கலத்தின் ஆயுளும் வீட்டின் பாதுகாப்பும் பெரிதும் அக்கேபிளையே, அதாவது மின்வடத்தையே, பொறுத்துள்ளன.

முதலில் மின்னோட்டத்தின் அளவை அறிதல் வேண்டும். வீட்டின் 230 வோல்ட் மின்சுற்றில் 1,000 வாட் பளு நான்கு ஆம்பியருக்குச் சற்று மிகுதியாகவே இழுக்கும். அதே பளுவை 12 வோல்ட் தொகுதியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக இயக்கினால் நிலைமை முற்றிலும் வேறாகும். இன்வெர்ட்டரின் திறன் 85 விழுக்காடு என்றும், பாட்டரி தீரும் தறுவாயில் அதன் அழுத்தம் 10.5 வோல்ட் என்றும் கொள்வோம். 1,000-ஐ 0.85-ஆலும் 10.5-ஆலும் வகுத்தால் 112 ஆம்பியர் கிடைக்கும். 12-ஆல் மட்டும் வகுத்து 83 ஆம்பியர் எனக் கணிப்போர் பலர். அது குறைந்த மதிப்பீடாகும். கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், இவ்வேறுபாட்டைச் சிறிதென ஒதுக்குவதற்கில்லை.

வடத்தின் பருமனை இரு சோதனைகளால் துணிய வேண்டும். ஒன்று வெப்பம்; மற்றொன்று அழுத்த வீழ்ச்சி.

வெப்பச் சோதனைக்கு உற்பத்தியாளரின் அட்டவணை போதும். ஆனால் அது எந்தச் சூழல் வெப்பநிலைக்குரியது என்பதைப் பார்த்தல் வேண்டும். பி.வி.சி. உறையிட்ட சாதாரண வடத்தின் கடத்தி 70 பாகை செல்சியஸுக்கு மேற்படலாகாது. 40 பாகைக்கு 140 ஆம்பியர் என அட்டவணை கூறும் வடம், வடஇந்தியக் கோடையின் 45 பாகையில் சுமார் 128 ஆம்பியரையே தாங்கும்.

இனி அழுத்த வீழ்ச்சி. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம். இன்வெர்ட்டர் 3 மீட்டர் தொலைவில் இருப்பின், போக வர 6 மீட்டர் கம்பி ஆகிறது. வீழ்ச்சியை 2 விழுக்காட்டிற்குள், அதாவது 0.24 வோல்ட்டிற்குள், நிறுத்துவது நல்ல வழக்கம். 0.0175, 6, 112 ஆகியவற்றைப் பெருக்கி 0.24-ஆல் வகுத்தால் 49 சதுர மில்லிமீட்டர் வரும். ஆகவே 50 சதுர மில்லிமீட்டர் வடம் வேண்டும். இன்வெர்ட்டரை ஒரு மீட்டர் அருகே நகர்த்தினாலோ 35 சதுர மில்லிமீட்டரே போதுமானது. செம்பின் விலையை நோக்க, சுவரில் வேறோர் ஆணி அடிப்பது எத்துணை மலிவு!

அதே நான்கு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 48 வோல்ட் ஆக்கி, அதற்குரிய இன்வெர்ட்டரை வைத்தால், மின்னோட்டம் 28 ஆம்பியராகக் குறைகிறது. அப்போது வீழ்ச்சிச் சோதனை 4 சதுர மில்லிமீட்டர் வடத்தையே ஏற்றுக்கொள்ளும். ஆனால் இங்கு வெப்பச் சோதனையே தீர்ப்பளிக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் தொடங்குகையில் இழுக்கும் மிகை மின்னோட்டத்தையும் கருதி, 6 அல்லது 10 சதுர மில்லிமீட்டர் இடுவதே தக்கது. புதிதாக அமைப்போர் உயர்ந்த அழுத்தத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எமது துணிபு. ஒரு நிபந்தனை உண்டு: தொடரில் சேரும் பாட்டரிகள் யாவும் ஒரே வகையும் ஒரே வயதும் உடையனவாக இருத்தல் வேண்டும்.

நிற்க. ஏற்கெனவே 12 வோல்ட் இன்வெர்ட்டர் உள்ளவர் நான்கு பாட்டரிகளையும் பக்க இணைப்பில் வைக்க நேரும். அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பியால் கோத்து, முதல் பாட்டரியின் இரு முனைகளிலிருந்தே மின்சாரத்தை எடுப்பதைப் பரவலாகக் காண்கிறோம். இதனால் விளைவது யாது? ஒவ்வொரு பாட்டரியின் உள்தடை 5 மில்லிஓம் என்றும், அடுத்தடுத்த பாட்டரிகளுக்கிடையே இரு கம்பிகளும் முடிச்சுகளும் சேர்ந்து அரை மில்லிஓம் என்றும் கொண்டு கணித்தால், 112 ஆம்பியரில் முதல் பாட்டரி 36.5, இரண்டாவது 29, மூன்றாவது 24.3, நான்காவது 22.1 ஆம்பியர் தருகின்றன. சமபங்கு 28 ஆம்பியர் ஆகும். அரை மில்லிஓம் என்னும் அற்ப அளவே முதல் பாட்டரியின்மீது இத்துணைப் பளுவை ஏற்றிவிடுகிறது. நாள்தோறும் மிகுதியாக உழைக்கும் அது முன்னதாகவே நலிகிறது. குறை பாட்டரியின் தரத்தின்மீது சுமத்தப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் பஸ்பார் எனப்படும் பொதுக் கடத்திப் பட்டை. நேர்முனைக்கு ஒன்றும் எதிர்முனைக்கு ஒன்றுமாக இரு பட்டைகளை அமைத்து, ஒவ்வொரு பாட்டரியையும் சம நீளமும் சம பருமனும் உள்ள வடங்களால் அவற்றுடன் இணைத்தல் வேண்டும். அருகிலுள்ள பாட்டரிக்குக் குட்டையான வடம் போதுமே என்று வெட்டிவிடலாகாது. இன்வெர்ட்டருக்குச் செல்லும் வடங்களை நேர்ப்பட்டையின் ஒரு கோடியிலிருந்தும் எதிர்ப்பட்டையின் மறுகோடியிலிருந்தும் எடுத்தால் பங்கீடு மேலும் சீராகும்.

செம்புப் பட்டைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 1.5 ஆம்பியர், அலுமினியத்திற்கு 1 ஆம்பியர் எனக் கொள்வது அடக்கமான மதிப்பு. 112 ஆம்பியருக்குச் செம்பில் 75 சதுர மில்லிமீட்டர் தேவை. 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை கணக்கிற்குச் சரியாகும். எனினும் அதில் 8 மில்லிமீட்டர் துளையிட்டால் அவ்விடத்தில் 51 சதுர மில்லிமீட்டரே எஞ்சுகிறது. 5 மில்லிமீட்டர் கனமுள்ளதை வாங்கினால் துளையிட்ட பின்னும் 85 நிற்கும். அலுமினியப் பட்டையில் செம்பு லக்கை நேரே முடுக்கினால் ஈரத்தால் அரிப்பு உண்டாகும். ஈயப்பூச்சு, அதாவது வெள்ளீயம் பூசிய லக்கைப் பயன்படுத்துக.

முடிச்சுகளைக் குறித்துச் சற்று விரிவாகவே கூற வேண்டும். தளர்ந்த ஓர் இணைப்பில் ஒரு மில்லிஓம் தடை இருப்பின், 112 ஆம்பியரில் அங்கு 12.5 வாட் வெப்பம் தோன்றும். 35 சதுர மில்லிமீட்டர் வடத்தில் இரண்டு மீட்டர் நீளத்தில் பரவும் வெப்பம் அது. இங்கோ விரல்நகம் அளவான இடத்தில் குவிகிறது. உறை கருகுவதும் தீப்பற்றுவதும் பெரும்பாலும் இத்தகைய இடத்திலிருந்தே தொடங்குகின்றன. லக்கைச் சுத்தியலால் நசுக்காது, உரிய கருவியால் அழுத்திப் பொருத்துக. முடுக்கிய பின் பாட்டரி முனைகளில் வாசலைன் தடவுவது அமில அரிப்பைத் தடுக்கும்.

வடத்தைக் காப்பது பியூஸ். மேற்கூறிய உள்தடையுள்ள ஒரு பாட்டரியின் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் 2,400 ஆம்பியர் வரை பாயக்கூடும். ஆதலின் ஒவ்வொரு பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலும் ஒரு பியூஸ் வேண்டும். அதன் அளவு வழக்கமான மின்னோட்டத்திற்கு மேலாகவும், வடம் தாங்கும் அளவிற்குக் கீழாகவும் அமைதல் வேண்டும். அது நேர்மின்னோட்டத்திற்கென்றே செய்யப்பட்டதாக இருப்பதும் அவசியம். மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் பியூஸில் எழும் மின்பொறி தானே அணைந்துவிடும்; நேர்மின்னோட்டத்தில் அவ்வாறு அணையாது. பாட்டரிகள் மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், இணைப்பைக் கழற்றுமுன் பளுவையும் மின்னேற்றத்தையும் நிறுத்திவிட்டு, எதிர்முனை வடத்தையே முதலில் எடுக்க வேண்டும்.